முதன்முறை ரேஸ் டிராக்கில் கார் ஓட்டச் செல்பவர்களுக்கு: வாகனமும் ஓட்டுநரும் தயாராவது எப்படி?

பெருநாள் தொழுகையும் விருந்தும் முடிந்து, அஸருக்குப் பிறகு நமதூர் வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். மணமேல்குடிக்கும் மீமிசலுக்கும் இடையில் அந்தச் சாலை நேராகவும் அகலமாகவும் கிடக்கிறது. புதுச்சட்டை போட்ட பிள்ளைகள் முன்பெல்லாம் பைக்கில் பறந்தார்கள். இப்போது வெளிநாட்டில் இருக்கும் அண்ணனின் காரையோ மச்சானின் காரையோ எடுத்துக்கொண்டு பறக்கிறார்கள். அதே சாலையில்தான் மீன் லாரிகள் வருகின்றன, ஆடு மாடுகள் படுத்துக் கிடக்கின்றன, கடலுக்குப் போகிறவர் விளக்கில்லாத சைக்கிளில் குறுக்கே வருகிறார், மதரஸா விட்டு வரும் பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு சாலையைக் கடக்கிறார்கள்.

இதைப் பற்றி ஜும்ஆ பயானில் பலமுறை பேசியாகிவிட்டது. அண்மையில் ஒரு வாலிபர் நம்மிடம் கேட்டார்: “ஹஜ்ரத், ரோட்டுல வேகமா ஓட்டக்கூடாதுன்னு சொல்றீங்க, சரி. ரேஸ் டிராக்குக்குப் போய் காசு கட்டி ஓட்டலாமா?” நியாயமான கேள்வி. ஓட்டலாம் என்று சொன்னால் எப்படித் தயாராகிப் போவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் பந்தய வீரர் அல்ல. விவரம் அறிந்த மெக்கானிக்குகளிடமும் டிராக்கில் ஓட்டிய சகோதரர்களிடமும் கேட்டதையும், படித்து அறிந்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

டிராக் டே என்றால் என்ன?

இது பந்தயம் அல்ல. போட்டிகள் இல்லாத நாட்களில் ரேஸ் டிராக்கை வாடகைக்கு எடுத்து, சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கப் பொதுமக்களுக்கு வாய்ப்பளிப்பார்கள். கார் கிளப்புகளும் ஓட்டுநர் பயிற்சி அளிப்பவர்களும் இவற்றை நடத்துகிறார்கள். பெரும்பாலும் 15 அல்லது 20 நிமிடச் சுற்றுகளாகப் பிரித்து அனுப்புவார்கள். புதியவர்கள் தனிக் குழு. எதிரே வண்டி வராது, குறுக்கே ஆள் வராது, ஓரத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும். பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது.

தமிழ்நாட்டில் இதற்கு இடம் உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் அந்த ஓடுதளத்தில்தான் பந்தயங்களை நடத்தியது. பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக ஒரு டிராக்கைக் கட்டி 1990ல் திறந்தார்கள். இன்று மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று அழைக்கப்படும் அந்த டிராக்கின் முழு நீளம் 3.717 கிலோமீட்டர், மொத்தம் 12 வளைவுகள். கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 1995ல் விமான விபத்தில் இறந்த கார் வடிவமைப்பாளர் எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கிய அந்த டிராக் சுமார் 2 கிலோமீட்டர்தான். நீளம் குறைவு, வேகமும் அவ்வளவு கூடாது. முதன்முறை செல்பவருக்குச் சிறிய டிராக்தான் நல்லது என்பது நம் கருத்து.

நமதூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை சுமார் 400 கிலோமீட்டர். கோவை 300 கிலோமீட்டருக்கு மேல். தேதி, கட்டணம், விதிமுறை ஆகியவை நடத்துபவருக்கு ஏற்ப மாறும் என்பதால், பணம் கட்டும் முன்பே விதிகளை எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கும் நம் சபுராளி சகோதரர்களுக்கு இது புதிதல்ல. துபாய் ஆட்டோட்ரோம், அபுதாபியின் யாஸ் மெரினா, கோலாலம்பூர் அருகே செபாங் எல்லாம் அவர்கள் அறிந்த பெயர்கள்தான். நம் சமுதாயத்திலும் இத்துறைக்குப் போனவர்கள் உண்டு. சென்னையின் பைக் பந்தய வீரர் ஆர்.ஏ. அப்துல்லாவின் மகள் அலிஷா அப்துல்லா சிறு வயதில் கோ-கார்ட்டில் தொடங்கி, பிறகு பைக்கிலும் காரிலும் போட்டியிட்டவர்.

தயார் செய்த குதிரையும் செய்யாத குதிரையும்

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தி இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியாக புகாரீயில் பதிவாகியிருக்கிறது. பந்தயம் ஆகுமானது என்பதற்கு ஆதாரமாக அதை எடுத்துச் சொல்வோம். ஆனால் அந்தச் செய்தியில் நாம் அதிகம் கவனிக்காத ஒரு விவரம் இருக்கிறது. எல்லாக் குதிரைகளுக்கும் ஒரே தூரம் வைக்கப்படவில்லை. பயிற்சி கொடுத்து மெலியவைக்கப்பட்ட குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடின. அப்படித் தயார் செய்யப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரைதான். முதல் தூரம் ஐந்து அல்லது ஆறு மைல், இரண்டாவது ஒரு மைல் என்று அறிவிப்பாளர் சுஃப்யான் விளக்குகிறார்.

அந்தத் தயாரிப்புக்கு அரபியில் ‘தள்மீர்’ என்று பெயர். முதலில் நன்றாகத் தீனி போடுவார்கள், பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். கொட்டிலில் கட்டி, மேலே துணி போர்த்தி வியர்க்கவைப்பார்கள். ஊளைச்சதை கரைந்து உடல் இறுகும் என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். ஓட்டத்தில் கலந்துகொண்ட இப்னு உமர் (ரலி) அவர்களை அவர்களின் குதிரை ஒரு சுவரையே தாண்டிக் கொண்டுபோய்விட்டது என்று திர்மிதீயின் அறிவிப்பில் வருகிறது. தேர்ந்த குதிரையும் எல்லைக்கோட்டில் உடனே நின்றுவிடாது!

காருக்கும் இதே கணக்குதான். தயார் செய்யாத காருக்கும் தயாராகாத ஓட்டுநருக்கும் தூரமும் வேகமும் குறைவு. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லாமே எளிதாகப் புரியும். பந்தயப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை: “யார் சுற்று வேகம்னு பார்ப்போம், தோத்தவன் ஆளுக்கு ஆயிரம்” என்று நண்பர்கள் தங்களுக்குள் வைப்பது சூதாட்டம். அது டிராக்கிலும் ஹராம்தான்.

புறப்படும் முன் முடிக்க வேண்டிய பேச்சு

டிராக்கில் ஓட்டும் காருக்கு இன்சூரன்ஸ் பணம் தராது. நம் நாட்டுத் தனியார் கார் பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்று ஒரு பத்தி உண்டு. ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு இந்த பாலிசி செல்லாது என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். ‘பம்பர் டு பம்பர்’ எடுத்திருந்தாலும் இதே கதைதான். தடுப்புச் சுவரில் மோதினால் மொத்தச் செலவும் கைப்பணம். மாதத் தவணையில் இருக்கும் காராக இருந்தால், கார் உடைந்த பிறகும் தவணை ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதை வீட்டாரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அடுத்தது, கார் யாருடையது என்பது. நமதூரில் பல கார்களின் உரிமையாளர் சவூதியிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், சாவி இங்கே தம்பியிடம் இருக்கும். இரவல் பொருளின் சட்டத்தை நம் வீடுகளில் சரியாகப் பேசுவதில்லை. நம் கடற்கரைப் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் இரவல் வாங்கியவர்தான் அந்தப் பொருளுக்குப் பொறுப்பாளி. உரிமையாளர் அனுமதித்த பயன்பாட்டினால் ஏற்படும் தேய்மானத்துக்கு அவர் ஈடு தர வேண்டியதில்லை. மற்றபடி பொருள் அழிந்தால், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் ஈடு தர வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அது அமானத்; வரம்பு மீறினால்தான் பொறுப்பு. ஆனால் உரிமையாளர் அனுமதித்ததைத் தாண்டிப் பயன்படுத்துவது வரம்பு மீறல் என்பதில் இரு தரப்பும் ஒன்றுதான். “அறந்தாங்கி வரைக்கும் போயிட்டு வர்றேன்” என்று சொல்லி வாங்கிய காரை இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோனால் டயரின் தேய்மானம் முதல் எல்லாமே எடுத்துப்போனவர் கணக்கு.

எனவே உரிமையாளருக்கு முன்கூட்டியே ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவு அனுப்புங்கள். “டிராக்குக்குக் கொண்டுபோறேன், இன்சூரன்ஸ் கிடைக்காது, டயரும் பிரேக் பேடும் தேயும், சேதமானா இன்னின்ன செலவு என்னோடது” என்று தெளிவாகச் சொல்லிப் பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது. டிராக் வாசலில் ஒரு பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள். அதைப் படித்துவிட்டே போடுங்கள்.

பெற்றோர் அறிய வேண்டிய சட்டம் இது. அரசின் எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின் கீழ் 2019 திருத்தத்துக்குப் பின் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். வயது வராத பிள்ளை வாகனம் ஓட்டிக் குற்றம் செய்தால் 199ஏ பிரிவின்படி பாதுகாவலர் அல்லது வாகன உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சாவியைக் கொடுக்கும் அத்தா இதை அறிந்திருக்க வேண்டும்.

பிரேக்

காரில் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜின் அல்ல, பிரேக். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தும்போது பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். ஒரு டன் எடையுள்ள கார் 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரே முறை நிற்கும்போது உண்டாகும் வெப்பம் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. டிராக்கில் ஒரு சுற்றிலேயே பல முறை இப்படி பிரேக் பிடிப்போம். வளைவுக்கு வளைவு ஒரு கெட்டில் தண்ணீர் கொதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் பத்து ஆண்டு தொல்லை தராத பிரேக், டிராக்கில் நான்காவது சுற்றிலேயே கைவிடுவது இதனால்தான்.

அது இரண்டு விதமாகக் கைவிடும். ஒன்று, பேடு அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிப்பை இழப்பது. மிதி கெட்டியாக இருக்கும், ஆனால் கார் நிற்காது. இன்னொன்று, பிரேக் ஆயில் கொதிப்பது. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகும். மிதித்தால் குமிழ்தான் நசுங்கும், மிதி தரை வரை போகும். இரண்டாவதுதான் ஆபத்தானது.

பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். டாட் 3 வகையின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி, ஈரம் சேர்ந்த பின் 140 டிகிரி. டாட் 4 வகைக்கு 230, ஈரம் சேர்ந்தால் 155. டாட் 5.1 வகைக்கு 260, ஈரம் சேர்ந்தால் 180. இந்த எண்களைப் பார்த்தாலே தெரியும், பழைய டாட் 4 ஆயிலைவிடப் புதிய டாட் 3 எவ்வளவோ மேல். கடலை ஒட்டிய நமதூரில் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. ஆகவே புறப்படுவதற்கு முந்தைய வாரம் பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றி, சீல் உடைக்காத புதிய டப்பாவிலிருந்து டாட் 4 ஊற்றி, நான்கு சக்கரத்திலும் காற்று எடுக்கச் சொல்லுங்கள். மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவது பயன்படாது. ‘டாட் 5’ என்று தனியாக ஒரு வகை உண்டு. அது சிலிக்கோன், 5.1 அல்ல. அதை இதோடு கலக்கவே கூடாது.

பேடின் கனம் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்திருந்தால் புதிதாக மாற்றி, சாலையில் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பழக்கிவிட்டுத்தான் டிராக்கிற்குப் போக வேண்டும். டிஸ்கில் விரிசல் இருக்கிறதா என்றும் கழற்றிப் பாருங்கள்.

கடற்கரை ஊர்க் கார்களுக்குத் தனியாகச் சில பார்வை தேவை. காரை லிஃப்ட்டில் ஏற்றி, அடியில் ஓடும் பிரேக் பைப்பை உப்புத் துரு தின்றிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சஸ்பென்ஷன் போல்ட்டுகள், சைலன்சரைத் தாங்கும் கொக்கிகள், பேட்டரியின் அடித்தட்டு இவையும் உப்புக் காற்றில் சீக்கிரம் போகும். உரிமையாளர் விடுமுறையில் வரும்போது மட்டும் ஓடும் கார் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பதினொரு மாதம் ஒரே இடத்தில் நின்ற காரில் டயர் தட்டையாகியிருக்கும், டிஸ்க் துருப்பிடித்திருக்கும், பானட்டுக்குள் எலி வயரைக் கடித்திருக்கும். அப்படிப்பட்ட காரை முதலில் ஒரு மாதம் சாதாரணமாக ஓட்டுங்கள். டிராக்கை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

டயர், நட், மற்றவை

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. ஐந்தாறு ஆண்டைத் தாண்டிய டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும், டிராக்கிற்கு ஆகாது. பக்கச் சுவரில் வீக்கம், வெட்டு, பழைய பங்க்சர் ஒட்டு இருந்தாலும் வேண்டாம். காற்று அழுத்தம் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது பிடிக்க வேண்டும். டிராக்கில் ஓடினால் சூட்டில் அழுத்தம் ஏறும். நாலைந்து பிஎஸ்ஐ ஏறுவது சாதாரணம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அளந்து, அதிகமாக ஏறியிருந்தால் சற்று இறக்க வேண்டும். இறக்கியதை ஊர் திரும்பும் முன் மறுபடி நிரப்ப வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். எனவே சொந்தமாக ஒரு பிரஷர் மீட்டரும் சிறிய காற்றடிக்கும் பம்பும் டிக்கியில் இருக்கட்டும்.

வீல் நட்டுகளைப் பங்க்சர் கடையில் காலால் மிதித்து இறுக்குவது போல இறுக்கக்கூடாது. காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, முதல் சுற்று முடிந்து சக்கரம் ஆறியதும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

இன்ஜின் ஆயில் புதிதாக, மேல் கோடு வரை இருக்கட்டும், கோட்டைத் தாண்ட வேண்டாம். கூலண்ட், ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் ஓடுகிறதா என்பது, பெல்ட் இவற்றைப் பார்த்தால் போதும். இன்ஜின் சக்தியைக் கூட்டுவது, சைலன்சரை மாற்றுவது எதுவும் வேண்டாம். ஒரு சாதாரண சிறிய பெட்ரோல் கார் முதல் முறைக்குத் தாராளம். இன்னோவா, பொலேரோ போன்ற உயரமான கார்கள் வளைவில் சாய்வதால் பல ஏற்பாட்டாளர்கள் ஏற்கத் தயங்குவார்கள், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு காரைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர், தண்ணீர் பாட்டில், டிஷ்யூ பெட்டி, பிள்ளைகளின் பொம்மை, அத்தர் குப்பி எல்லாம் பிரேக் பிடிக்கும்போது பறந்து வரும். டாஷ்போர்டில் வைத்திருக்கும் ஆயத்துல் குர்ஸி பலகையையும் கண்ணாடியில் தொங்கும் தஸ்பீஹையும் வீட்டிலேயே கண்ணியமாக எடுத்து வைத்துவிடுங்கள். கண்ணாடியில் ஆடும் பொருள் பார்வையை மறைக்கும். ஓட்டுநர் பக்கத்து மிதியடியைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். அது சுருண்டு பிரேக் மிதிக்கு அடியில் போனால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. ஸ்டெப்னி, ஜாக்கி ஆகியவற்றை டிராக்கில் மட்டும் இறக்கி வைத்துவிட்டு, திரும்பும்போது ஏற்றிக்கொள்ளுங்கள். இழுவைக் கொக்கியை முன்பக்கம் மாட்டி வைக்கச் சொன்னால், துருப்பிடித்த மரையில் அது ஏறுகிறதா என்று ஊரிலேயே பார்த்துவிடுங்கள்.

ஓட்டுநரின் தயாரிப்பு

முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட் வேண்டும். எந்தத் தரம் என்று ஏற்பாட்டாளர் சொல்வார். மகன் பைக்கில் மாட்டி வைத்திருக்கும் அரை ஹெல்மெட் பயன்படாது. தலையில் இறுக்கமாகப் பொருந்த வேண்டும், ஆகவே உள்ளே தொப்பி வேண்டாம். முழுக்கை பருத்திச் சட்டை, பருத்தி பேன்ட். நைலான், பாலியஸ்டர் துணி தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கைலியோ ஜிப்பாவோ கூடாது, செருப்பும் கூடாது. மிதியின் அழுத்தம் பாதத்துக்குத் தெரியும்படி மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஷூ போட வேண்டும்.

முந்தைய நாளே போய்ச் சேர்ந்து, இஷா தொழுததும் தூங்கிவிட வேண்டும். இரவெல்லாம் 400 கிலோமீட்டர் ஓட்டி, காலையில் நேராக டிராக்கில் இறங்குவது தற்கொலைக்குச் சமம் என்று ஓட்டிப் பழகியவர்களே சொல்கிறார்கள். சனிக்கிழமை டிராக் என்றால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடித்துப் புறப்பட்டால் தோதாக இருக்கும். நோன்பு நாளில் போக வேண்டாம். மூடிய ஹெல்மெட்டும் ஏசி அணைத்த காருமாகச் சென்னை வெயிலில் உடம்பு நீரை இழக்கும், நீர் குறைந்தால் கவனம் குறையும். காலையில் இட்லி போல இலேசான உணவு, பிறகு சிறுகச் சிறுகத் தண்ணீர். மதியம் டிராக்கை மூடும் நேரம் லுஹருக்கு ஏற்றது. பயணத்தில் இருப்பதால் அஸரையும் அப்போதே சேர்த்துச் சுருக்கித் தொழுதுகொள்ளலாம்.

டிராக்கில் இறங்கியபின்

காலையில் கொடிகளைப் பற்றி வகுப்பு எடுப்பார்கள், தூங்காமல் கேளுங்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, வேகம் குறைக்க வேண்டும், முந்தக்கூடாது. மஞ்சளில் சிவப்புப் பட்டை இருந்தால் தரை வழுக்குகிறது. நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது, வழி விட வேண்டும். கறுப்பு என்றால் உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள், உள்ளே வர வேண்டும். சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாக உள்ளே திரும்ப வேண்டும். கறுப்பு வெள்ளைக் கட்டம் என்றால் சுற்று முடிந்தது.

இருக்கையை முன்னால் இழுத்து, முதுகை முழுவதும் சாய்த்தபடி, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படும்படி அமருங்கள். கைகள் கடிகாரத்தின் ஒன்பது, மூன்று இடங்களில் இருக்கட்டும். நம்மில் பலர் ஒற்றைக் கையால் ஓட்டிப் பழகியவர்கள், அந்தப் பழக்கம் இங்கே உதவாது.

பிரேக் பிடிப்பதை நேர்ப்பாதையிலேயே முடித்துவிட்டு, பிறகு வளையுங்கள். வளைவின் நடுவில் திடீரென்று ஆக்சிலேட்டரை விட்டால் எடை முன்னால் பாய்ந்து, பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். மெதுவாக நுழைந்து வேகமாக வெளியேறுவதுதான் முறை. கண் பானட்டைப் பார்க்கக்கூடாது, அடுத்து போகவேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டால் பதறி வெட்டித் திருப்ப வேண்டாம். அப்படித் திருப்பினால்தான் கார் குறுக்கே பாயும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் குறைந்த பின் மெல்ல ஏறுங்கள். கார் சுழன்றுவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுவதும் மிதித்து அப்படியே நிறுத்துங்கள். ஈ.எஸ்.பி. இருந்தால் அணைக்க வேண்டாம்.

கூடவே உட்கார்ந்து சொல்லித்தரும் பயிற்றுநர் கிடைத்தால் அதற்கு ஆகும் பணம் டயருக்குச் செலவிடுவதைவிட நல்ல செலவு. முதல் சுற்று டயரும் பிரேக்கும் சூடேற, கடைசிச் சுற்று அவை ஆற. அந்த இரண்டிலும் மெதுவாகத்தான் போக வேண்டும். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கொதிக்கும் டிஸ்கில் பேடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு அடியில் கட்டை வையுங்கள். டர்போ இன்ஜின் என்றால் உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஓடவிடுங்கள். மிதி முன்னைவிட ஆழமாகப் போகிறது, கருகிய வாடை வருகிறது, ஸ்டீயரிங் நடுங்குகிறது என்றால் அன்றைய ஓட்டம் அதோடு போதும்.

டிராக்கில் ஓட்டினால் ஆபத்தே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இருங்காட்டுக்கோட்டையிலேயே 2023 ஜனவரியில் நடந்த தேசியக் கார் பந்தயத்தில் 59 வயது அனுபவ வீரர் கே.இ. குமார் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் 13 வயதுச் சிறுவர் ஒருவர் பைக் பந்தயத்தில் இறந்தார். இவை போட்டிகள்தான், டிராக் டே அல்ல. ஆனால் தரை அதே தரை. 2025 ஜனவரியில் துபாயில் பயிற்சியின்போது நடிகர் அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற காட்சி நம் பிள்ளைகள் எல்லோருடைய கைபேசியிலும் ஓடியது. அவர் காயமின்றி இறங்கி வந்ததையும் பார்த்தார்கள். ஆனால் அந்தக் காருக்குள் ஓட்டுநரைச் சுற்றி இரும்புக் கூண்டும் பல முனைப் பட்டையும் இருந்தன. நம் வீட்டுக் காரில் அவை கிடையாது. அதனால்தான் எட்டுப் பத்து விழுக்காடு வேகத்தை எப்போதும் மிச்சம் வைத்து ஓட்டச் சொல்கிறார்கள். முதல் நாளில் பாதியை மிச்சம் வைத்தாலும் குறை ஒன்றுமில்லை.

மாலையில் உடனே ஊருக்குக் கிளம்ப வேண்டாம். அன்றிரவு அங்கேயே தங்கி, காலையில் கார் குளிர்ந்திருக்கும்போது பேடின் கனம், ஆயில் மட்டம், டயரின் ஓரங்கள், வீல் நட்டுகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, டயரில் இறக்கிய காற்றை நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள். டிராக்கில் ஒரு மணி நேரம் ஓட்டியவருக்கு வெறும் சாலையில் 100 கிலோமீட்டர் வேகம்கூட மெதுவாகத் தெரியும். எனவே திரும்பும் வழியில் டிராக்கில் ஓட்டாத ஒருவர் ஸ்டீயரிங்கில் இருப்பது நல்லது. ஊர் வந்ததும் பிரேக் ஆயிலை மறுபடி மாற்றி, தேய்ந்த பேடையும் டயரையும் படம் எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளருக்கு அனுப்பிவிட்டு, பேசியபடி கணக்கைத் தீர்த்துவிடுங்கள்.